மேலக்காவின் இரண்டு முடிச்சுகள்

கட்டடம் எழும்பும் இடத்தில் அவளுக்குப் பெயர் மேலக்கா. தரையில் வேலை செய்யும் நூற்றுச் சொச்சம் பேருக்கும் மேலே, டவர் கிரேனின் கண்ணாடிக் கேபினில் உட்கார்ந்திருப்பவள் என்பதால் வந்த பெயர். கேபினுக்குப் போக முந்நூற்றுப் பன்னிரண்டு இரும்புப் படிகள், செங்குத்தாக. அவள் காலை ஏழு மணிக்கு ஏறினால், அவசரமில்லை என்றால் மதியம்தான் இறங்குவாள். அவசரம் வராமலிருக்க என்னென்ன குடிக்கக்கூடாது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

முதலில் அவள் அங்கே சங்கிலியும் கொக்கியும் எடுத்துக் கொடுக்கும் ஸ்டோரில்தான் இருந்தாள். ஒரு நாள் மேலே அண்ணாந்து பார்த்து, "அந்த வேலைக்கு என்ன படிக்கணும்?" என்று கேட்டாள். கேட்டவளைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆறு மாதப் பயிற்சி முடித்து, பரீட்சை எழுதி, உரிமத்தோடு வந்து நின்றபோது சிரித்தவர்கள் ஏணியிலிருந்து ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அந்த வேலையில் கண்ணைவிடக் காது முக்கியம். பல சமயம் சரக்கு எங்கே இறங்குகிறது என்று மேலே இருப்பவருக்குத் தெரியாது. கீழே நிற்கும் சிக்னல்காரர் வாக்கி-டாக்கியில் சொல்வார்; சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் நெம்புகோலைத் தொடவேண்டும். "மெதுவா இறக்கு" என்றால் "மெதுவா இறக்குறேன்." "நிறுத்து" என்றால் "நிறுத்திட்டேன்." திருப்பிச் சொல்லாத வார்த்தை காதில் விழாத வார்த்தை. பன்னிரண்டு வருடத்தில் அது அவள் நாக்கோடு ஒட்டிவிட்டது. வீட்டில் மகன் "அம்மா, தண்ணி" என்றால்கூட "தண்ணி" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

கர்ப்பம் என்றால் நான்காவது மாதத்திலிருந்து ஏணி ஏறக்கூடாது என்பது சட்டம். அதில் அவளுக்கு எந்த மனக்குறையும் இல்லை. குறை என்னவென்றால், மூத்த மகளுக்காக இறங்கியவள் ஒன்றரை வருடம் கழித்துத் திரும்பியபோது அவள் இருக்கையில் வேறொருவர் இருந்தார். யாராவது லீவு போட்டால் மட்டும் ஏறுகிற மாற்று ஆளாகத்தான் மறுபடி தொடங்கினாள். ஒரு வழியாகத் தன் கேபினைப் பிடித்தபோது மகன் வயிற்றில் வந்துவிட்டான். மறுபடி இறங்கினாள், மறுபடி மாற்று ஆள். பாலத்துக்கு உத்தரம் தூக்குகிற பெரிய கிரேனுக்கான மேல்நிலை உரிமம் எடுக்க இரண்டு தடவை விண்ணப்பம் போட்டு, இரண்டு தடவையும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு போய் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தாள்.

இரண்டு பிரசவமும் சிசேரியன். முதலாவது இருபது மணி நேரம் வலித்துப் பார்த்துவிட்டு அவசரமாகச் செய்தது. இரண்டாவது தேதி குறித்துச் செய்தது.

மகனுக்கு ஐந்து வயதானபோது அவளுக்கு ஒரு வாரம் வாந்தியும் பேதியுமாகப் போட்டு வாட்டியது. தினமும் போட்டுக்கொண்டிருந்த கருத்தடை மாத்திரை எதுவும் வயிற்றில் தங்கவில்லை. அது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. ஆறு வாரம் கழித்து ஒரு காலையில், குளியலறையில் கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் உட்கார்ந்து, கையிலிருந்த சோதனைப் பட்டையில் இரண்டு கோடுகளைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

வெளியே கணவன் கதவைத் தட்டினான். அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவன்; காலையில் அவனுக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

"என்ன, இவ்வளவு நேரம்? தண்ணி வரலையா?"

"தண்ணி வருது. கூடவே இன்னொண்ணும் வருது" என்றாள் உள்ளிருந்து.

அவனுக்குப் புரிய அரை நிமிடம் ஆனது. கதவைத் திறந்தவள் சிரித்துக்கொண்டே அழுதாள். பெற்றுக்கொள்வதா என்று இருவரும் ஒரு வாரம் பேசினார்கள். பெற்றுக்கொள்வது என்று முடிவானதும் அவள் அடுத்த முடிவையும் சொல்லிவிட்டாள்.

"இதுதான் கடைசி. இனிமே மாத்திரைய நம்பி நான் இருக்க மாட்டேன். ஆபரேஷன் பண்ணிக்கப் போறேன்."

அவன் தயங்கித் தயங்கி, "வேணும்னா நான் பண்ணிக்கிறேன். எனக்குன்னா அரை மணி நேர வேலதானாம்" என்றான்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். வார்த்தை ஒன்று சொல்லிக்கொண்டிருந்தது, முகம் வேறொன்று சொல்லிக்கொண்டிருந்தது.

"கேட்டீங்க பாருங்க, அதுவே போதும். எப்படியும் என் வயித்தத் திறக்கத்தான் போறாங்க. திறந்த கையோட அதையும் முடிச்சிரட்டும். உங்கள வேற எதுக்குத் தனியா ஒருத்தர் வெட்டணும்?"

அப்போது அவன் விட்ட பெருமூச்சைப் பிற்பாடு பல வருடம் நடித்துக் காட்டிச் சிரித்தாள்.

ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தது ஒரு மூத்த பெண் டாக்டர். மூக்கின் நுனியில் தொங்கும் கண்ணாடிக்கு மேலாகவே எல்லோரையும் பார்ப்பதால் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் அவரைக் கண்ணாடி டாக்டர் என்பார்கள். ஆபரேஷன் பற்றி அவள் பேச்செடுத்ததும் டாக்டர் முதலில் செய்த காரியம், கணவனை வெளியே உட்காரச் சொன்னது.

கதவு சாத்தியதும் கேட்டார்: "இது யாரு எடுத்த முடிவு?"

"நான் எடுத்தது."

"அவர் சொல்லி இல்லையே? வேலை செய்யற இடத்துல யாரும் நெருக்குறாங்களா?"

"இல்ல டாக்டர். அவங்களுக்கு இன்னும் தெரியவே தெரியாது."

டாக்டர் ஒரு தாளில் கருப்பையை வரைந்து, இரண்டு பக்கமும் கொம்பு போல நீளும் குழாய்களைக் காட்டினார். குழந்தையை எடுத்துக் கருப்பையைத் தைத்த பிறகு, இரண்டு குழாயிலும் ஒரு துண்டை முடிச்சுப் போட்டு வெட்டி எடுத்துவிடுவார்கள். ஷூ லேஸ் தடிமன்கூட இருக்காது. பத்து நிமிடம் கூடுதலாக ஆகும். மாதவிலக்கு வழக்கம்போல வரும், உடம்பின் பலம் எங்கும் போகாது. ஆனால் மனசு மாறினால் திரும்பச் சேர்ப்பது நடக்கும் என்று நம்பக்கூடாது. "நிரந்தரம்னு நெனச்சுத்தான் கையெழுத்துப் போடணும்" என்றார். இரண்டு தடவை திறந்த வயிறு, உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும், நான்காவது கர்ப்பம் அவளுக்கே ஆபத்தாகலாம் என்பதையும் மறைக்கவில்லை.

எல்லாம் சொல்லி முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கடைசியா ஒண்ணு கேக்கணும். கேக்கக் கஷ்டமாத்தான் இருக்கு. பொறக்கற குழந்தைக்கு ஏதாவது பிரச்சனைன்னு வெச்சுக்கோங்க. அப்பவும் பண்ணிரலாமா, இல்ல நிறுத்திரணுமா? உடனே சொல்லாதீங்க. அடுத்த தடவ வரும்போது சொல்லுங்க."

இரண்டு வாரம் அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு திரிந்தாள். அலுவலகக் கொட்டகையில் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து, எந்த லாரியில் எத்தனை கம்பி வந்தது என்று எழுதும் வேலை அப்போது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவள் கிரேனின் கீழ்ப்பாதி தெரியும். எழுதிக்கொண்டிருக்கும்போதே பேனா நின்றுவிடும்.

அம்மாவிடம் சொன்னது அந்த இரண்டு வாரத்தில்தான். அவர்கள் குடியிருந்த அதே கட்டடத்தில் அம்மா கீழ்வீட்டில் இருந்தாள். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, இடையில் தையல் மெஷினில் பள்ளிக்கூடப் பைகள் தைப்பாள். ஐந்து பெற்று மூன்றை வளர்த்தவள். விஷயத்தைக் கேட்டதும் மெஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? எதிர்வீட்டுக்காரிய நீ பாத்ததில்லையா? அந்த ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வந்தா, அவ்வளவுதான், ஒரு பக்கெட் தண்ணி தூக்க மாட்டேங்குறா. நீ எப்படிடீ அந்த ஏணியில ஏறுவ?"

"அவ பக்கெட் தூக்காததுக்குக் காரணம் அவ வீட்ல தூக்கறதுக்கு ஆள் இருக்கறதுதாம்மா."

"சிரிக்காத. நான் சிரிக்கறதுக்குச் சொல்லல. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா? எனக்கு ஆச்சே. ரெண்டு தடவ ஆச்சே."

அந்த இரண்டு பேரைப் பற்றி அம்மா தானாகப் பேசி அவள் கேட்டதில்லை. ஒருவன் காய்ச்சலில் போனவன், ஒருத்தி பிறந்து நாற்பது நாள் இருந்தவள். பதிலுக்குச் சொல்ல வைத்திருந்த துடுக்கான வார்த்தைகளை எல்லாம் விழுங்கிவிட்டு, அம்மாவின் ஸ்டூலுக்குப் பக்கத்தில் கஷ்டப்பட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா, அவங்க ரெண்டு பேருக்கும் பதிலாத்தான் என்னைப் பெத்தியா?"

அம்மா கையிலிருந்த பையின் வாரை இழுத்துப் பார்த்தாள்.

"பதில்னு யாரும் கிடையாதுடீ. அதுங்க அதுங்கதான். நீ நீதான்."

"அப்புறம் என்னம்மா?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. இருந்தாலும் எனக்குப் பிடிக்கல." மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

அடுத்த தடவை கண்ணாடி டாக்டரிடம் அவள் பதிலோடு போனாள். "பண்ணிருங்க டாக்டர். குழந்தைக்கு என்னமாவது ஒண்ணுன்னா, அதப் பாத்துக்கறதுக்குத்தான் எனக்கு இன்னும் தெம்பு வேணும். அது இல்லாமப் போனாலும், அதுக்கு மாத்தா இன்னொண்ணக் கொண்டுவர என்னால முடியாது."

டாக்டர் தலையசைத்தார். பச்சை நிறச் சம்மதப் படிவத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள், டாக்டர் போட்டார், சாட்சிக்கு நர்ஸ் போட்டார். ஒரு நகல் வேண்டும் என்று அவள் கேட்டபோது நர்ஸ் வியப்பாகப் பார்த்தார். கிரேன் வேலையில் எந்த அனுமதிச் சீட்டுக்கும் இரண்டு பிரதி உண்டு, ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று தூக்குபவருக்கு. நகலை மடித்து ஒரு கவரில் போட்டு ஆஸ்பத்திரிப் பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் வைத்தாள்.

தேதி குறித்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி. பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அவளும் கணவனும் அம்மாவும் வந்தார்கள். வந்ததுமே இரண்டு செய்தி. ஒன்று, ரத்த வங்கியில் கணவன் வந்து ரத்தம் கொடுக்க வேண்டும். அது அடுத்த கட்டடத்தில். இரண்டாவது, கண்ணாடி டாக்டர் ஒரு அவசர கேஸுக்காகப் பக்கத்து தியேட்டருக்குள் போய்விட்டார். அவளுக்கு ஆபரேஷன் செய்யப்போவது அவர் குழுவிலேயே இருக்கும் இளம் டாக்டர்.

தியேட்டருக்குள் குளிர் எலும்பைப் பிடித்தது. முதுகைக் கூன் போட்டு உட்காரவைத்து, மயக்க டாக்டர் தண்டுவடத்தில் ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் கால்கள் இரண்டும் யாரோ கொண்டுவந்து வைத்த சிமெண்ட் மூட்டைகள் போலாயின. மல்லாக்கப் படுக்கவைத்து, மார்புக்கு மேலே பச்சைத் துணியைத் திரையாகக் கட்டினார்கள். மனசு மட்டும் முழு விழிப்போடு இருந்தது.

கத்தியைத் தொடுவதற்கு முன் ஒரு நர்ஸ் கையில் தாளை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். அவள் பெயர், வயது முப்பத்தி நாலு, மூன்றாவது சிசேரியன், எந்த மருந்துக்கும் ஒவ்வாமை இல்லை, ரத்தம் ஏற்பாடு ஆகியிருக்கிறது. "சரிதானா எல்லாருக்கும்?"

சரி என்றார் மயக்க டாக்டர். சரி என்றார் இளம் டாக்டர்.

"இல்ல" என்றது திரைக்கு இந்தப் பக்கமிருந்து ஒரு குரல்.

எல்லோரும் நின்றுவிட்டார்கள். படுத்திருப்பவர்கள் பேசுவது அங்கே வழக்கமில்லை போலும்.

"ஒண்ணு விட்டுட்டீங்க. ரெண்டு குழாயும் கட்டணும். அதப் படிக்கல."

இளம் டாக்டர் திரைக்கு மேலே எட்டிப் பார்த்தார். முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும். "லிஸ்ட்ல சிசேரியன் மட்டும்தாம்மா போட்டிருக்கு."

"லிஸ்ட் எழுதினவங்க விட்டிருப்பாங்க. பச்சை ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டிருக்கேன்."

நர்ஸ் கோப்பைப் புரட்டினார். முன்னும் பின்னுமாக இரண்டு தடவை புரட்டினார். பச்சைத் தாள் இல்லை. அது வெளிநோயாளிகள் பிரிவின் கோப்பிலேயே தங்கிவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது.

"இப்பக் குழந்தைய எடுத்துருவோம்மா. மத்தத ஒரு மூணு மாசம் கழிச்சு வந்து பண்ணிக்கலாம்" என்றார் மயக்க டாக்டர், ஆறுதலாக. நல்ல மனிதர். ஆனால் அவள் ஆறுதலுக்குப் படுத்திருக்கவில்லை.

"மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவ வயித்தத் திறக்கறதுக்கு நான் வரமாட்டேன் சார்."

இளம் டாக்டரின் குரல் கொஞ்சம் இறுகியது. "ஃபார்ம் இல்லாம நான் அதத் தொட முடியாதும்மா. அது தப்பு."

"நீங்க சொல்றது ரொம்பச் சரி டாக்டர். நானும் சீட்டு இல்லாம எதையும் தூக்க மாட்டேன்." தான் பேசுவது தனக்கே ஆச்சரியமாக இருந்தது என்று அவள் பிற்பாடு சொன்னாள். குரல் கேபினில் இருப்பதுபோல அமைதியாக இருந்தது. "நகல் ஒண்ணு இருக்கு. வெளிய எங்க வீட்டுக்காரர்கிட்ட இருக்கற பையில, பக்கவாட்டு ஜிப்புல. குழந்தைக்கு அவசரம் ஒண்ணும் இல்லன்னா, அது வர்ற வரைக்கும் ஆரம்பிக்காதீங்க."

இளம் டாக்டர் குழந்தையின் இதயத் துடிப்பு ஓடும் கருவியைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு நர்ஸிடம், "போய்ப் பாருங்க. அப்படியே பக்கத்து தியேட்டர்ல மேடத்துக்கும் தகவல் சொல்லிக் கேளுங்க" என்றார்.

வெளியே கணவன் இல்லை. அவன் அடுத்த கட்டடத்தில் கையை நீட்டி ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தான். பெஞ்சில் அம்மா மட்டும், மடியில் பையோடு.

நர்ஸ் வேகமாக வந்து கேட்டார். "உங்க பொண்ணு குடும்பக் கட்டுப்பாட்டு ஃபார்ம் நகல் ஒண்ணு பையில இருக்குன்னு சொல்றாங்க. அது இருந்தாத்தான் அந்த ஆபரேஷன் பண்ணுவாங்க. இருக்காம்மா?"

அம்மாவுக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியும். முந்தின நாள் துணிகளை மடித்து வைத்தவளே அவள்தான். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எவருக்கும் தெரியப்போவதில்லை. தான் ஐந்து மாதமாக வேண்டாம் வேண்டாம் என்று சொன்னது அந்த ஒரு வார்த்தையில் முடிந்துவிடும்.

"அவ முழிச்சிருக்காளா?" என்று கேட்டாள் அம்மா.

"முழிச்சுத்தான் இருக்காங்க. அந்த ஃபார்ம் வந்தாத்தான் ஆரம்பிக்கணும்னு அவங்கதான் நிறுத்தி வெச்சிருக்காங்க."

அம்மா ஜிப்பைத் திறந்து கவரை எடுத்தாள். நர்ஸ் கையில் கொடுக்கும்போது, "கையெழுத்து மூணும் இருக்கான்னு பாத்துக்கோங்க. இன்னொரு தடவ அலைய வேண்டாம்" என்றாள்.

ஏழு நிமிடத்தில் நகல் உள்ளே வந்தது. பக்கத்து தியேட்டரிலிருந்து கண்ணாடி டாக்டரின் வார்த்தையும் வந்தது: அவள் சொன்னது உண்மை, முழுச் சம்மதம் வாங்கியாகிவிட்டது. இளம் டாக்டர் அத்தோடு விடவில்லை. திரைக்கு மேலே எட்டிப் பார்த்து, அவளிடமே நேராகக் கேட்டார்.

"இப்பவும் அதே முடிவுதானாம்மா? நிரந்தரம்."

"அதே முடிவு. நிரந்தரம்."

நர்ஸ் தாளில் கையால் எழுதிச் சேர்த்துவிட்டு, முதல் வரியிலிருந்து திரும்பவும் படித்தார். இந்தத் தடவை அவளும் சேர்ந்து "சரி" என்றாள்.

வயிற்றுக்குள் யாரோ மூட்டையைப் பிரித்துத் தேடுவதுபோல இழுப்பும் அழுத்தமும். வலி இல்லை. பழைய தழும்புகள் ஒட்டிக்கிடந்த இடத்தில் டாக்டர் நிதானமாகப் போனார். பிறகு ஒரு பெரிய தள்ளு, வயிறு சட்டெனக் காலியான உணர்வு, அதன் பின்னால் ஒரு கோபமான அழுகை. பெண் குழந்தை. மூன்று கிலோ இருநூறு. கன்னத்தோடு கன்னம் வைத்துக் காட்டினார்கள். கைகளைக் கட்டிவைத்ததுபோல் இருந்ததால் அவளால் தூக்க முடியவில்லை. நெற்றியை மட்டும் உதட்டால் தொட்டாள். உப்புக் கரித்தது. குழந்தைக்கு எந்தக் குறையும் இல்லை என்று குழந்தைகள் டாக்டர் சொன்னதைக் கேட்டபோதுதான், இத்தனை நேரம் கண்ணீர் காதுக்குள் போய்க்கொண்டிருந்தது தெரிந்தது.

சிறிது நேரம் கழித்துத் திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "கருப்பையத் தைச்சாச்சு. இப்பக் குழாய் கட்டப்போறேன்."

"குழாய் கட்டப்போறீங்க" என்றாள்.

"இடது பக்கம் முடிஞ்சுது."

"இடது பக்கம் முடிஞ்சுது."

மயக்க டாக்டர் குனிந்து அவளைப் பார்த்தார். "என்னம்மா, எல்லாத்தையும் திருப்பிச் சொல்றீங்க?"

"பழக்கம் சார்."

"வலது பக்கம் முடிஞ்சுது" என்றார் இளம் டாக்டர். இப்போது அவர் குரலில் சிரிப்பு இருந்தது. அவள் பதிலுக்குக் காத்திருந்தார்.

"வலது பக்கம் முடிஞ்சுது!" அவள் சொன்ன சத்தத்தில் தராசுக்குப் பக்கத்திலிருந்த குழந்தை மறுபடி வீரிட்டது. தியேட்டரில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

மறுநாள் வார்டில் அம்மா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினாள். "இல்லைன்னு சொல்லிரலாம்னுதான் நெனச்சேன்."

"தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் உன் பொண்ணுதானே. அப்புறம் ஏன் சொல்லல?"

"வயித்தக் கிழிக்கக் கத்திய வெச்சுக்கிட்டு ஆறு பேர் நிக்கறாங்க, நீ அவங்களையே நிறுத்தி வெச்சிருக்கேன்னு அந்தப் பொண்ணு சொல்லுது. அவங்களாலயே உன்னத் தாண்டிப் போக முடியல. நான் யாரு தாண்டறதுக்கு?" குழந்தையின் போர்வையை இழுத்துவிட்டாள். "என்கிட்ட அப்ப இந்த மாதிரி கேட்டிருந்தாங்கன்னா..." என்று தொடங்கி, முடிக்கவில்லை. அந்தக் கட்டில் விளிம்பில் இருவரும் தோளோடு தோள் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த வாரங்கள் லேசாக இருக்கவில்லை. இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு இருமினாள். சிரிப்பு வந்தால் இன்னும் கஷ்டம். கணவனை அறைக்குள் வாயைத் திறக்கவே கூடாது என்று தடை போட்டாள். ஆனால் பத்தாம் நாள் தெருமுனை வரை நடந்தாள். ஆறாவது வாரம் மாடிப்படி. நான்காவது மாதம் கட்டடத்தின் ஐந்து மாடியையும் நிற்காமல் ஏறி இறங்கினாள். அம்மா தினமும் கீழ்வீட்டு வாசலில் நின்று, மூச்சு வாங்குகிறதா என்று உற்றுப் பார்ப்பாள். வாங்கவில்லை என்றால் ஏதோ ஏமாந்துவிட்டவள்போல உள்ளே போவாள்.

ஏழாவது மாதம் வேலைக்குத் திரும்பினாள். மேலாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "ஆபீஸ்லயே இருந்துக்கோம்மா. ஆபரேஷன் பண்ணின உடம்பு, எதுக்கு ரிஸ்க்?" என்றார்.

"உடல் தகுதிச் சான்றிதழ் இது சார். உங்க டாக்டரே குடுத்தது. அப்புறம் என்ன ஆபரேஷன் பண்ணின உடம்புங்கறீங்க? உங்களுக்குப் போன வருஷம் குடல்வால் எடுத்தாங்களே, நீங்க இன்னும் மேலாளரா இல்லையா?"

அன்றே, லீவு போட்டவருக்கு மாற்றாக ஏறினாள். ஏழு மாதத்துக்கு முன் மூன்றாவது தடவையாகத் திறந்த வயிறு, முந்நூற்றுப் பன்னிரண்டு படிகளையும் முனகாமல் கடந்தது. குழந்தைக்குப் பால் கொடுக்க அம்மா கேட் வரை தூக்கி வருவாள் என்பதால், நாளைக்கு ஒரு தடவை இறங்கியவள் இப்போது மூன்று தடவை இறங்கி ஏறினாள். சிக்னல்காரர் வாக்கி-டாக்கியில், "மேலக்கா, நீங்க இப்ப லிஃப்ட்டக்கா ஆயிட்டீங்க" என்றார். மாற்று ஆளாக இருந்தது நான்கே மாதம். அதன் பிறகு கேபின் அவளுடையது. இந்தத் தடவை அவளை இறக்குவதற்குக் காலண்டரில் எந்தத் தேதியும் இல்லை. மாதத்துக்கு ஒரு முறை வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாள் எண்ணுகிற பயம் போன இடத்தில், முதலில் ஒரு வெறுமைகூட இருந்ததாம். கொஞ்ச நாளில் அந்த இடத்தில் மேல்நிலை உரிமத்துக்கான புத்தகங்கள் வந்து உட்கார்ந்தன.

மூன்றாவது விண்ணப்பத்தை அவள் திரும்ப வாங்கவில்லை. எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் முதல் தடவையே தேறினாள்.

கடைக்குட்டிக்கு இரண்டரை வயதானபோது, ரயில் பாதைக்கு மேலே கட்டிய பாலத்துக்கு உத்தரம் வைக்கும் வேலை அவளுக்கு வந்தது. ஒவ்வொன்றும் அறுபது டன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சாலையை அடைத்து, ரயிலை நிறுத்தி, நான்கு மணி நேரத்துக்குள் வைத்து முடிக்க வேண்டும். இந்தப் பெரிய கிரேனில் ஏணியே கிடையாது, கேபின் ஆள் உயரத்தில்தான். தரையோடு உட்கார்ந்தாலும் கூட வந்தவர்கள் மேலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

தடுப்புக் கம்பிக்கு வெளியே வேடிக்கை பார்க்கும் கூட்டம். அதில் கணவன், பெரிய பிள்ளைகள் இரண்டு, இடுப்பில் கடைக்குட்டியோடு அம்மா. உத்தரம் தரையிலிருந்து எழும்பி, காற்றில் நூல் பிடித்ததுபோல நகர்ந்து, இரண்டு தூண்களுக்கும் நேராக வந்து நின்றது. விரல்கடை விரல்கடையாக இறங்கியது. சத்தமே இல்லாமல் உட்கார்ந்தது.

பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் நாக்கைச் சப்புக்கொட்டினார். "எவன் ஓட்றானோ தெரியல. கை சுத்தம்னா அப்படி ஒரு சுத்தம்."

"ஓட்றான் இல்லீங்க, ஓட்றா" என்றாள் அம்மா. "என் பொண்ணு. மூணு புள்ள பெத்தவ. மூணாவதோட ஆபரேஷனும் பண்ணிக்கிட்டா. அதுக்கப்புறம்தான் இந்த வண்டிக்கே பரீட்ச எழுதினா. வீட்ல போயி சொல்லுங்க."

யாரிடம் போய் எதைச் சொல்லவேண்டும் என்று பெரியவருக்கு விளங்கவில்லை. மெல்லத் தலையை மட்டும் ஆட்டினார். அதற்குள் கொக்கி காலியாகத் திரும்பி வந்து, இரண்டாவது உத்தரத்துக்கு மேலே நின்றிருந்தது. கடைக்குட்டி இரண்டு கையையும் தூக்கி, "அம்மா, இன்னொண்ணு!" என்று கத்தினாள்.